காப்பி கொடுக்காத வீடு

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு கல்யாண வீடியோக் கடை இருந்தது. அதன் ஷட்டரில் தொங்கிய தகரப் பலகைதான் எனக்கு எப்போதும் முதலில் ஞாபகம் வரும். சிவப்புப் பெயிண்டில் ‘ஞாயிறு விடுமுறை’ என்று எழுதியிருக்கும். கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தினால் எப்படிப் பிழைப்பது? ஊரே கேட்டுச் சிரித்தது. ஞாயிறு முகூர்த்தத்துக்கு ஆள் தேடி வந்தவர்கள் பலகையைப் படித்த பிறகும் நம்பாமல் ஷட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து டீக்கடைக்காரர், “அவரு சாமிக்கு லீவு வுட்டுட்டாருங்க, எதிர்க்கடைக்குப் போங்க” என்று வழிகாட்டிவிடுவார்.

கடைக்காரர் என் அக்கா வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பம்தான், எங்கள் சொந்தம்தான். கல்யாணமான மறு வருஷம், தொண்ணூற்றாறில், வீடியோ வேலை பழகக் கோயம்புத்தூர் போனார். அங்கே வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடக்கும் இளைஞர்களோடு பேசிப் பழகி, மார்மன் ஆகித் திரும்பி வந்தார். மார்மன் என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. கிறிஸ்தவர்களில் ஒரு சிறிய பிரிவு என்றார் அவர். ஊரிலிருந்த மற்ற கிறிஸ்தவர்கள் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. காப்பி, டீ, பீடி, சாராயம் எதுவும் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது என்பதுதான் எங்களுக்குப் புரிந்தது. இரண்டு வருஷம் பொறுத்து அக்காவும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். அன்றோடு எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது.

டிப்ளமோ முடித்துவிட்டு நான் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது, எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டும் மிக்ஸிங் வேலைக்கு வா என்று மாமாதான் கூப்பிட்டார். அப்பா யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். “கடைக்குப் போ, வேணாங்கல. அந்த வூட்டு வாசப்படிய மட்டும் மிதிக்காத.” கடையிலிருந்து அக்கா வீடு ஐந்து நிமிஷ நடை. ஏழு வருஷம் நான் அந்த ஐந்து நிமிஷம் நடக்கவில்லை. ஆனால் தினமும் மத்தியானம் அக்கா கொடுத்தனுப்பிய சோற்றைக் கடையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் தின்றேன். தீர்ப்பில் அதற்குத் தடை இல்லை.

ஒருநாள் சபையில் கொடுத்ததென்று ஒரு அமெரிக்கப் படத்தின் டிஸ்க்கைக் கொண்டுவந்து மாமா போட்டுக் காட்டினார். பனி கொட்டும் ஊர், கம்பளம் விரித்த வீடு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஜெபம் செய்யும் குடும்பம். முழுதும் பார்த்துவிட்டு, “நல்ல படந்தான் மாப்ள. ஆனா இதுல எங்க வூட்டக் காணுமே” என்றார். தமிழில், இந்த வெயிலில், கயிற்றுக் கட்டிலும் தண்ணீர்க் குடமும் இருக்கிற ஒரு வீட்டில் அந்த ஜெபத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. “நம்மூரு ஆளு ஒருத்தன் பாத்துட்டு, இவங்களும் நம்மள மாதிரி மனுசங்கதான்னு சொன்னாப் போதும்” என்பார். அதற்கு மேல் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை.

கதையும் சிறியதுதான். வேறு சபைக்குப் போய்விட்ட தங்கச்சி வீட்டுக்குப் பல வருஷம் வராத அண்ணன் ஒருவன், ஒருநாள் பஸ் ஏறி வருகிறான். பொழுது சாய்வதற்குள் மனம் இளகி அங்கே கை நனைக்கிறான். நாற்பது நிமிஷப் படம். தங்கச்சியாக அக்காவே நடித்தாள். படம் பிடித்ததும் அவர்கள் வீட்டில்தான். அண்ணனாக நடித்தவர் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர், அவர்களுடைய சபைக்காரர். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே அவர்கள் மொத்தமே நான்கு குடும்பம். யார் வீட்டிலாவது கூடி ஜெபம் செய்வார்கள்.

ஆலைக்காரருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. மாமா ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தொட மாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்தச் சின்னப் படம் பதினாலு மாசம் இழுத்தது. காலை ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் சிமெண்ட் வெளுப்போடு அவர் வந்து குளித்துச் சட்டை மாற்றுவதற்குள் வெயில் இறங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு ஷாட், மிஞ்சினால் இரண்டு. “ஒரே ஒரு ஞாயித்துக்கெழம மாமா, கடவுள் கண்ண மூடிக்குவாரு” என்று நான் கிண்டல் செய்வேன். “அவரு மூடுவாரு, நா எப்புடி மூடுறது” என்பார். படப்பிடிப்புக்குப் போகாத நான் கடையில் எடிட்டிங்கில் உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். ஒரு ஷாட்டில் அண்ணன் தலையில் நரை அதிகம், அடுத்ததில் குறைவு. என் கவலையெல்லாம் அந்த ஒட்டு தெரியக் கூடாது என்பதில்தான். படத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

திரையிட இடம் கிடைப்பதே பெரும்பாடு. வேறொரு சபைக்காரர் இது கிறிஸ்தவப் படமே இல்லை என்றார். ஒரு பள்ளிக்கூடத்தில் இது மதமாற்றப் படம் என்றார்கள். கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டோம். மாமா கல்யாணம் எடுத்துக்கொடுத்த வீட்டுக்காரர்கள், தெருக்காரர்கள் என்று எண்பது பேர் வந்திருந்தார்கள்.

பத்து நிமிஷம் எல்லாரும் அமைதியாகப் பார்த்தார்கள். அண்ணன் பஸ் இறங்கி, வேகாத வெயிலில் நடந்து, தங்கச்சி வீட்டுக்குள் நுழைகிறான். அவள் கண்கலங்கச் சொம்பில் தண்ணீர் கொடுக்கிறாள். உட்காருகிறார்கள். பழைய கதை பேசுகிறார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் உரக்கக் கேட்டாள்: “ஏண்டி, அம்மாந் தொலவுலேருந்து வந்த மனுசனுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி குடுக்க மாட்டியா?”

கூடம் கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு படம் எங்கள் கையில் இல்லை. தங்கச்சி அழுதால், “மொதல்ல அடுப்பப் பத்த வையி” என்றார்கள். குடும்பமாக மண்டியிட்டு ஜெபம் செய்யும் இடத்தில், மாமா மூன்று மாதம் பாடுபட்ட இடத்தில், “காப்பி வரணும்னு வேண்டுறாங்க போல” என்று ஒரு குரல் வந்தது. அன்பான ஒரு வீட்டைக் காட்ட நினைத்தார். பார்த்தவர்களுக்கு அது கஞ்சப்பிசினாறி வீடாகத் தெரிந்தது. மாமா புரொஜெக்டர் பக்கத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

இந்தத் தப்பை அவர்களால் மட்டும்தான் செய்ய முடியும். அந்த வீட்டில் காப்பி நின்று வருஷக்கணக்காகிவிட்டது. வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டும் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. நடித்தவர்களும் அதே சபை, அவர்களுக்கும் தோன்றவில்லை. ஆனால் நான்? ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவன். எனக்கும் தோன்றவில்லை என்றால், நான் அந்தப் படத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

சரிசெய்கிறேன் பேர்வழி என்று அதற்கு மேல் நான் செய்ததுதான் பெரிய தப்பு. ஒரு டம்ளரை வைத்துவிடலாம் என்றேன். மூன்று நாள் மாமா ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு சுக்கு மல்லித் தண்ணீர் என்றால் சரி என்று இறங்கி வந்தார். அக்கா ஆவி பறக்கும் டம்ளரை நீட்டி, “சுக்குத் தண்ணிண்ணே, குடிங்க” என்று சொல்வதாக எடுத்து வந்தார். எடிட்டிங்கில் அந்த வசனம் காட்சியை இழுப்பதாக எனக்குப் பட்டது. வெட்டிவிட்டேன். “பாக்குறவன் காப்பின்னு நெனச்சுக்கிட்டுப் போறான், நமக்கென்ன மாமா” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ சொன்னா சரி மாப்ள” என்றார். நான் சொன்னால் சரி என்று அவர் சொன்னது அது ஒருமுறைதான்.

அந்தப் படத்தை அவர்களுடைய நான்கு குடும்பத்துக்கும் பெரம்பலூரில் ஒரு நர்ஸம்மா வீட்டில் போட்டுக் காட்டினார். டிவியோடு நானும் போயிருந்தேன். படம் முடிந்தது. நர்ஸம்மா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எங்கம்மா சாகக் கெடக்கையில, ஒரு வாய் காப்பி எங்கூடக் குடி, நீ எம் மவதான்னு நம்புறேன்னு சொன்னாங்க. நா குடிக்கல. அத மனசுல வச்சுக்கிட்டே போய்ட்டாங்க. நீங்க படத்துல அதச் சிரிச்சுக்கிட்டே குடுக்குறீங்களே பிரதர்.” அது சுக்குத் தண்ணீர் என்று மாமா பதறிப்போய்ச் சொன்னார். “படத்துல அது தெரியலீங்களே” என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பெரம்பலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வசனத்தை வெட்டியது நான் என்று அவர் அங்கே யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அந்த வசனத்தைத் திரும்பச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று டேப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, யாரும் படம் எடுக்கலாம் என்கிறார்கள். எடுக்கலாம்தான். மாமாவுக்கு அன்றும் கேமராவுக்குப் பஞ்சமில்லை. தன் ஆட்களுக்குச் சரியாக இருந்தால் ஊர் சிரிக்கும், ஊருக்குச் சரியாக இருந்தால் தன் ஆட்கள் அழுவார்கள். நான்கு குடும்பத்து ஆள் ஒருவர் தன் வீட்டைப் படமெடுத்தால் அதை யார் உட்கார்ந்து பார்ப்பது?   அவர் அடுத்த படத்துக்கு எழுதி வைத்திருந்த நோட்டை நான் கேட்டேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றார். மேஜை மேல்தான் இருந்தது.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமான வருஷம், மாமா கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூருக்கே குடிபோக முடிவெடுத்தார். அங்கே ஒரு போட்டோ லேபில் வேலை, சபையும் பக்கம். சாமான் ஏற்ற ஆள் போதவில்லை என்று தெரிந்ததும் நான் அப்பாவிடம் கேட்காமல் நேரே வீட்டுக்குப் போய்விட்டேன். அப்போது பீரோ முதல்கொண்டு லாரிக்குப் போயிருந்தது. நிலைவாசல் தாழ்வானது. யாரும் சொல்லாமலே தலையைக் குனிந்து நுழைந்தேன். சமையலறை இருட்டில் கையை நீட்டி, சரியான ஸ்விட்சைப் போட்டேன். பின்கதவின் தாழ்ப்பாள் தூக்கித் திறக்க வேண்டியது என்பதும் தெரிந்திருந்தது. எல்லாம் எடிட்டிங்கில் பார்த்துப் பழகியது.

அக்கா துடைப்பத்தோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மொதத்தடவ வர்ற ஆளு மாதிரியாடா இருக்க?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் குரல் மாறிவிட்டது. “ஒனக்குத் தெரியுமா, அவரு அந்தப் படத்த ஊருக்குன்னு எடுக்கல. ஒனக்குன்னுதான் எடுத்தாரு. தெனமும் அதத்தான பாக்குறான், ஒருநா கெளம்பி வந்துருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

வெளியே மாமா லாரியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். என்னை உட்காரச் சொல்ல நினைத்து அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். வீட்டில் ஒரு பாய்கூட மிச்சமில்லை.