பொத்தானை விடாத கட்டைவிரல்

ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"ஏனம்மிணி, போன்ல பேசுனா ஆகாதா? இதுக்கு ஒரு பரீட்சை, ஒரு லைசென்ஸு, மொட்டை மாடில கம்பி வேற!"

இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். முகம் தெரியாத ஒருவரிடம், நானே ஏற்றிய ஆன்டெனா வழியாகப் பேச வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசைக்கு யாராவது காரணம் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஞாயிறு காலைகளில் சுற்றுவட்டாரத்தில் இப்படி லைசென்ஸ் வாங்கிய ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். முதல் வாரம், லைசென்ஸில் எனக்குக் கொடுத்த அழைப்புக்குறியைச் சொன்னேன். யாரோ பதில் சொல்லத் தொடங்கினார். நாலு வார்த்தை கேட்டது, அறுந்தது. மறுபடி இரண்டு வார்த்தை, மறுபடி அறுந்தது. மூன்று வாரமும் இதே கதை. அவர்கள் தங்களுக்குள் பேசுவது மட்டும் மணி மணியாகக் கேட்டது. என்னிடம் பேசினால்தான் துண்டு துண்டாக வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். இங்கிலீஷ் பேச வராத பனியன் கம்பெனிக்காரியைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு மனசில்லை. மனசுக்குள் எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டு, செட்டை அட்டைப்பெட்டியில் போட்டு மூடினேன்.

அந்த வாரம் ஒரு போன் வந்தது. என்னோடு பரீட்சை எழுதியவர், காங்கேயத்தில் எண்ணெய் மில் எலக்ட்ரீஷியன். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

"ஏனுங்க, நாங்க பேசறது கேக்குதுங்களா?"

"அறுந்து அறுந்து கேக்குதுங்க."

"ஞாயித்துக்கிழமை வர்றேனுங்க. கம்பியப் பாத்துப்போடலாம்."

சொன்னபடி பைக்கில் வந்தார். ஆன்டெனா, ஒயர் எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. "பேசுங்க பாக்கலாம்" என்றார். செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதன் பொத்தானை அழுத்திப் பேசினேன். பொத்தானை விட்டதும் ஒருவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். நான் கவனமாகக் கேட்டேன்.

எலக்ட்ரீஷியன் என் கட்டைவிரலையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எதுக்குங்க அழுத்தி அழுத்தி 'ம், சரிங்க'ங்கறீங்க?"

அப்போதுதான் நானே கவனித்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசும்போது உம் கொட்டாமல் இருந்தால் மரியாதை இல்லை. நான் அவர் நாலு வார்த்தை பேசுவதற்குள் ஒரு தடவை பொத்தானை அழுத்தி உம் கொட்டியிருக்கிறேன். அழுத்தியிருக்கும் நேரத்தில் எதிராளி பேசுவது கேட்காது என்று பரீட்சைக்குப் படித்தேன். எழுதி மார்க்கும் வாங்கினேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் என் செட்டை வாங்கி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பிறகு ஒருவர் பேசினார்.

"அப்ப மூணு வாரமாச் சொன்னது எதுவுமே கேக்கலீங்களா? மொத வாரமே உங்களைப் பேசற வரிசையில சேத்தாச்சுங்க. வாராவாரம் ஆளாளுக்கு வாங்க வாங்கன்னு கூப்பிட்டமுங்க. செரி, மறுக்காச் சொல்றமுங்க."

ஒவ்வொருவராக வந்து வரவேற்றார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அவர்களுக்கெல்லாம் நான் பட்ட நன்றிக்கடன் தீராது.

என் முறை வந்தது. பொத்தானை அழுத்தினேன். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. நான் முடிக்கும்வரை யாரும் குறுக்கே வரவில்லை.