மச்சான் வண்டியில் நான் மாட்டிய டப்பா

அது மஞ்சள் நிறப் பால் பவுடர் டப்பா. மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. பால் பவுடர் தீர்ந்தபின் லாத்தா, அதாவது என் அக்கா, அதில் மிளகாய்த்தூள் போட்டு வைத்திருந்தாள். நான் அதைக் கழுவி வெயிலில் காயவைத்து, மூடியில் இரண்டு துளை போட்டு, இரண்டு செம்புக் குழாய்களை இறக்கி ஈயத்தால் பற்றவைத்தேன். பிக்கப் வண்டியின் பானெட்டைத் திறந்து பேட்டரிக்குப் பக்கத்தில் அதைக் கட்டி முடித்ததும், மச்சான் குனிந்து மோந்து பார்த்தார். "ஏலே மாப்ள, மொளகா நெடி இன்னும் போகல. இஞ்சினு தும்மப் போகுதுடா" என்றார். சுனாமிக்கு முந்தின வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுது வந்த பிறகு நடந்தது இது.

மச்சான் என் அக்காவின் கணவர். பதினோரு வருடம் சவூதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கையாளாக இருந்தவர். மகள் பிறந்தபோதுகூட ஊரில் இல்லை. அவர் திரும்பி வந்த முதல் வாரத்திலேயே அந்த நான்கு வயதுப் பிள்ளை, "அத்தா, நீங்க திரும்ப எப்பப் போவீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பாம்பனில் எங்கள் தெருவில் அத்தா என்றால் வந்துவிட்டுப் போகிறவர்தான். மனிதர் ஆடிப்போய்விட்டார். அன்றைக்கே பாஸ்போர்ட்டை லாத்தாவிடம் கொடுத்து, "இத நீயே வச்சுக்க. நானே கேட்டாலும் குடுத்துறாத" என்றார். கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கி, ராமநாதபுரத்துக்கு மீன் லோடு அடிக்க ஆரம்பித்தார். வண்டி ஓடினால் அவர் ஊரில் இருப்பார், வண்டி படுத்தால் விமானம் ஏறுவார். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

வண்டியோ தேய்ந்த வண்டி. என்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேற ஒரு குழாய் உண்டு. அந்த ஆவி மறுபடியும் என்ஜின் காற்றை இழுக்கும் ஹோஸிலேயே போய்ச் சேரும். தேய்ந்த என்ஜினில் ஆவியோடு ஆயிலும் சேர்ந்து போகும், புகை கக்கும். "சவூதில இதுக்கு நடுவுல ஒரு டப்பா மாட்டிருப்பான் மாப்ள. ஆயிலு டப்பாவுல தங்கிரும், காத்து மட்டும் உள்ள போகும். ராம்நாட்டுல யாரையாச்சும் கேப்பமா?" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பதினைந்து வருடமாக விசைப்படகு என்ஜின் பார்க்கிறவன். "நடுக்கடல்ல நின்ன இஞ்சினையே ஓட வச்சிருக்கேன். இந்தச் சுண்டக்கா வண்டிக்கு ராம்நாடு போகணுமாக்கும்?" என்றேன். அந்த வாயை அன்றே தைத்துப் போட்டிருக்க வேண்டும்.

டப்பாவுக்கு இரண்டு குழாய். ஒன்றில் ஆவி உள்ளே வரும், இன்னொன்றின் வழியாக என்ஜின் காற்றை இழுத்துக்கொள்ளும். இழுக்கும் குழாய் மூடியை ஒட்டி மேலேயே நிற்க வேண்டும். நான் அதை டப்பாவின் அடிவரை இறக்கிவிட்டேன். படகில் இழுக்கும் குழாய் எதுவானாலும் அடிவரை போகும். அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் குழாயும் அப்படித்தான், டீசல் டாங்க் குழாயும் அப்படித்தான். மேலே நின்றால் அலையில் படகு ஆடும்போது காற்றைக் குடித்துவிடும். என் கை யோசிக்கவே இல்லை, பழகினபடி இறக்கிவிட்டது. இளநீரில் ஸ்ட்ரா போட்ட மாதிரி, டப்பாவில் சேர்கிற ஆயிலை என்ஜினுக்கு நானே ஊட்டிவிட ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்தப் புத்தியைச் செருப்பால் அடித்தால் என்ன? "வாரத்துக்கு ஒருக்கா தொறந்து ஆயிலக் கீழ ஊத்திருங்க மச்சான்" என்று பெரிய மனுசன் மாதிரி சொல்லிவிட்டு வேறு வந்தேன்.

நான்கு நாள் வண்டி தீவுக்குள்ளேயே ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் காலையில் முழு லோடு. ராமநாதபுரத்தில் சாமான் வாங்க வேண்டியிருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். பாம்பன் பாலத்து ஏற்றத்தில் மச்சான் ஆக்சிலேட்டரை மிதித்தார். பாதி ஏற்றத்தில் காலை எடுத்தார், சத்தம் குறையவில்லை. கூடிக்கொண்டே போனது. என்ஜின் டீசலை விட்டுவிட்டு டப்பா ஆயிலைக் குடிக்க ஆரம்பித்திருந்தது. மச்சான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பி உருவியே விட்டார். "யா அல்லாஹ், சாவி கையில இருக்குடா! எப்படிடா ஓடுது?" என்று கத்தினார். பின்னால் வந்த பஸ் தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. நான் குதித்து ஓடி, மீன் பெட்டிமேல் போட்டிருந்த ஈரச் சாக்கை உருவினேன். காற்று போகும் வாயை அடைத்தால்தான் அது அடங்கும், படகில் அப்படித்தான் செய்வோம். பானெட்டைத் தூக்கி, சாக்கை உள்ளே திணிக்கக் கையை நீட்டினேன். அதற்குள் உள்ளே ஏதோ முறிந்தது. என்ஜின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்து, கொதிக்கிற ஆயில் பாலத்து ரோட்டில் கொட்டியது. மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

கட்டி இழுத்துக்கொண்டு ராமநாதபுரம் போனோம். அங்கிருந்த மெக்கானிக், ஓட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் கீழே குனிந்திருந்த நேரத்தில் மச்சான் டப்பாவின் மூடியை நெம்பித் தூக்கினார். மூடியோடு இரண்டு குழாயும் வெளியே வந்தன. நீளமான குழாய் எந்த ஹோஸில் போய்ச் சேருகிறது என்று விரலாலேயே தடவிக்கொண்டு போனார். ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருடம் இருந்தவருக்குப் புரியாதா? என்னை ஒருதரம் பார்த்தார். எனக்கும் அந்த நொடியில்தான் புரிந்தது. "டப்பா ரொம்பி ஆயிலு உள்ள போயிருக்கு, ஊத்தாம விட்டுட்டீகளா?" என்று மெக்கானிக் கேட்டார். மச்சான் மூடியை அழுத்தி மூடினார். "ஆமாண்ணே. ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஊத்தணும்னு மாப்ள படிச்சுப் படிச்சுச் சொன்னான். நாந்தான் மறந்துட்டேன்" என்றார்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. வாரத்துக்கு ஒருக்கா என்றுதான் சொன்னேன், வாரமும் ஆகவில்லை. அதைச் சொல்ல வாய் வந்ததா? வரவில்லை. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். பழைய என்ஜின் தேடி மதுரை வரை பைத்தியக்காரன் மாதிரி அலைந்தேன். கிடைத்தது பொருந்தவில்லை, பொருந்துவது கிடைக்கவில்லை. மூன்றாம் மாதம் லாத்தா தானே பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள், மச்சான் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிடப் போனபோது, "மச்சான், அந்தக் குழாய்…" என்று ஆரம்பித்தேன். என் தோளைப் பிடித்து அழுத்தினார். "லாத்தாட்ட மட்டும் சொல்லிறாத. சொன்னா ஒன்னோட பேசமாட்டா. எனக்கப்பறம் இங்கன அவளுக்கு நீ ஒருத்தந்தான இருக்க" என்றார்.

லாத்தா அவரைச் சும்மா விடவில்லை. போன் வரும்போதெல்லாம், "ஒரு டப்பாவ ஊத்துறதுக்கு நாவகம் இல்லாத மனுசன்!" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் சுகம் விசாரிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்கும். நான்காம் வருடம் நெஞ்சு வலியில் இறந்துவிட்டார் என்றார்கள். மையத்தை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை, அங்கேயே அடக்கிவிட்டார்கள். கடைசிவரை அந்த ஏச்சை எனக்காக வாங்கிக் கட்டிக்கொண்டார். போய்ச் சேர்ந்த பிறகும் லாத்தா நிறுத்தவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை அந்த வீட்டுப் படியேறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். என்னைப் போல ஒரு கோழை இந்தத் தீவில் இருக்க மாட்டான்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் நோட்டை மறந்து வைத்துவிட்டு வந்தாள் பிள்ளை. பத்து வயதாகிறது. "அப்படியே ஒங்க அத்தா! அவுக மறதியாலதான நாம இப்படிக் கெடக்கோம்" என்று லாத்தா தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. அத்தாவைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு என்ன கிடைத்தது? என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "மாமா, அத்தா ரொம்ப மறப்பாகளா?" என்று ஆசையாகக் கேட்டாள். லாத்தா என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

"ஆமாத்தா," என்றேன். "கொஞ்சம் மறதிதான்."