ஆறு துண்டும் ஒரு மண்டையும்

"எனக்கு யோசன சொல்ல ஆளே தேவயில்ல. ஆறு பேரு யோசிக்கிறத என் ஒரு மண்ட யோசிச்சிடும்!"

திண்டிவனம் பேருந்து நிலையத்து டீக்கடையில் ராஜாமணி இப்படி முழங்கியதைக் கேட்டவர்கள் சாட்சி சொல்ல இன்றும் நலமாகவே இருக்கிறார்கள்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பேருந்தில் இடமிருந்தாலும் படிக்கட்டருகே நின்றுகொண்டுதான் விழுப்புரம் போவார். தான் உட்கார்ந்தால் வண்டியும் அசந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் இருபது குடும்பங்களின் குழுவுக்கு அவர்தான் செயலாளர். குழுவுக்கு மானியத்தில் எண்ணெய் ஆட்டும் இயந்திரம் வரப்போகிறது. ஒரு முறை சிமெண்ட் போட்டுப் பதித்துவிட்டால் பிறகு பெயர்க்க முடியாது. எங்கே வைப்பது என்று எல்லோரும் கூடி முடிவெடுத்து, இன்று மாலை ஐந்துக்குள் விழுப்புரத்தில் படிவம் கொடுக்க வேண்டும். குழுவைச் சிரமப்படுத்த ராஜாமணிக்கு மனமில்லை. நெடுஞ்சாலை ஓரத்துத் தன் கொட்டகையை முந்தாநாளே படிவத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

வினையாக வந்தது விழுப்புரத்தில் நடந்த ஒருநாள் பயிற்சி. ஒரே விஷயத்தை ஆறு நிறத் தொப்பி போட்டு ஆறு விதமாகப் பார்க்க வேண்டுமாம். வெள்ளைக்குத் தகவல், சிவப்புக்கு மனதில் பட்டது, மஞ்சளுக்கு நன்மை, கறுப்புக்குக் குறை, பச்சைக்குப் புது யோசனை. நீலம் போட்டவர் கூட்டத்தை நடத்துவார். படிவத்தோடு, அப்படிக் கூடிப் பேசிய புகைப்படமும் வேண்டும் என்றார்கள். அத்தனை நிறத்தில் தொப்பிக்கு எங்கே போவது? ராஜாமணி ஆறு துண்டு வாங்கினார்.

துண்டின் நிறத்தைப் பார்த்தே ஆள் எந்தக் கட்சி என்று சொல்லிவிடும் ஊர் இது. ஆறு பேருக்கும் சேர்த்து யோசிக்கும் ராஜாமணியின் மண்டைக்கு இது மட்டும் எட்டவில்லை.

"இந்தக் கலரா?" குழுக் கூட்டத்தில், உறுப்பினர் அரங்கநாதன் சிவப்பை விரல் நுனியால் தள்ளினார். "போட்டோ வாட்சப்புல வந்தா எம்மச்சான் வூட்டுப் படி ஏத்துவானா?"

"யோசிக்கிறதுக்குத்தான்யா துண்டு! ஜல்தி எடுங்க, ஒன்ற மணி பஸ்ஸு போய்டும்!" ராஜாமணி வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

பின்வரிசையில் இருதயராஜ் கை தூக்கினார். மூட்டை ஏற்றும் தொழிலாளி. குத்தகைக்கு அரை ஏக்கர் பயிரிடுபவர்.

"துண்டு போட்டவங்க மொதல்ல பேசட்டும். நீ இருப்பா," என்றார் ராஜாமணி. கை இறங்கியது.

மாற்றி மாற்றி அரை மணி நேரத்தில் ஐந்து துண்டுகள் தோளேறின; நீலம் ராஜாமணிக்கு. கறுப்பு மட்டும் கிடந்தது. அது மாலை போட்ட சாமிங்க துண்டு, தொடக்கூடாது என்றார் ஒருவர். சாமியே இல்லேன்றவங்க துண்டாச்சே என்றார் இன்னொருவர். தொடக்கூடாது என்பதில் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

உறுப்பினர்களில் ஒருத்தியான செண்பகம் எழுந்துவந்து ராஜாமணியின் நீலத்தை உருவிக்கொண்டு அவர் தோளில் கறுப்பைப் போர்த்தினாள். "மாமா, கூட்டத்த நான் பாத்துக்கறேன். உன் கொட்டாயில இன்னா கொறன்னு நீ சொல்லு."

"அதுல ஒரு கொறையும் இல்ல."

"கறுப்பு போட்டா கொறதான் சொல்லணும்னு நீதான சொன்ன? போட்டோ வோணுமா வோணாமா?"

கூட்டம் சிரித்தது. ராஜாமணி மேலே பார்த்தார், கடிகாரம் பார்த்தார். தன் கொட்டகையின் நன்மைகள் பதினாறும் வரிசையாக வந்து நின்றன. குறை ஒன்று கூட வரவில்லை. போன மழைக்குத் தரை கொஞ்சம் ஈரமானதாகக் கேள்வி. அவர் அப்போது மெட்ராஸில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். கொட்டகையில் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டது யார்?

பின்வரிசையைப் பார்த்தார்.

"இருதயராஜ்... மழைக்கு அங்க தண்ணி வந்துச்சா?"

இருதயராஜ் எழுந்து தொடையில் கை வைத்துக் காட்டினார். "இதுவரிக்கும். ஏரித் தண்ணி. மூட்டய பூரா நானும் எங்க வூட்டம்மாவும்தான் மேல ஏத்தனோம். ரெண்டு நாளு நின்னுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க நின்னாதான? பஸ்ஸப் புடிக்க ஓடிக்கினு இருந்தீங்க."

வெளியே ஒன்றரை மணிப் பேருந்து ஹார்ன் அடித்துப் போனது. ராஜாமணி படிவத்தை எடுத்து, தான் எழுதியிருந்த வரியை அடித்தார். பின்வரிசைக்குப் போய், இருதயராஜின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடான எடம் எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க."