கீழ் அடுக்கில் தங்கிய பாஸ்வேர்டு

எங்கள் அலுவலகத்தில் மென்பொருளை கன்டெய்னராகக் கட்டி அனுப்புவது என் பொறுப்பு. நிரலும் அது ஓடத் தேவையான எல்லாமும் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒரே பொட்டலமாகப் போகும்; மேல் அடுக்கில் அழித்தாலும் கீழ் அடுக்கில் இருப்பது அழியாது. அதற்குள் பாஸ்வேர்டு எதுவும் தங்கிவிடக் கூடாது. அப்படித் தங்கவிட்ட ஒரு சக ஊழியரை, "இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தேன். அவர் வியாசர்பாடிக்காரர்.

அடுத்த மாதம், நான் பாதி அளவாகச் சுருக்கிய பொட்டலத்தை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். திருவொற்றியூர் வீட்டில் குழம்பைக் கிளறியபடி அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த வியாசர்பாடிக்காரர் போன் செய்தார்.

"அக்கா, நீங்க கட்டினதுல டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்டியே கீது. கடைசில அழிச்சிருக்கீங்க, ஆனா கீழ் அடுக்குல தங்கிட்ச்சு. க்ரூப்ல போடல, உங்களாண்ட மட்டும் சொல்றேன்."

அடுப்பை அணைத்தேன். "ஏன் போடல?" என்றேன்.

"போட்டா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா."

உடனே பாஸ்வேர்டை மாற்றி, பொட்டலத்தைப் புதிதாகக் கட்டினேன். பிறகு நடந்ததைக் குழுவில் நானே எழுதி, அன்று அவரை அப்படிப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "பரவால்லக்கா" என்று மட்டும் பதில் வந்தது. மறுநாள் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.