கணவாயில் குரல் கொடுக்கக் கூடாது

என் மனைவிக்கு ஜவ்வாது மலையில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, நானும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறி வந்துவிட்டேன். சிக்னல் கிடைத்தால் ஆபீஸ் வேலை, கிடைக்காவிட்டால் மழையை வேடிக்கை பார்ப்பது. கண்ணமங்கலத்துக்காரனான எனக்கு அதுவரை மலை என்பது பஸ் ஜன்னலில் தெரியும் ஒரு நீலக் கோடுதான். முதல் மழைக்காலம் முடிவதற்குள் பைத்தியம் பிடிக்காத குறை. அதனால்தான் பெங்களூரில் வேலை பார்த்தபோது நண்பர்களோடு ஆடிய ஆட்டத்தை இங்கேயும் ஆரம்பித்தேன்.

கதைக்குள் புகுந்து சண்டை போடும் ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். நடத்துகிறவன் நான். பக்கத்து வீட்டு வாத்தியார் மந்திரவாதி. என் மனைவி வைத்தியச்சி. நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் செய்வது போதாதா என்று கேட்டால் முறைப்பாள். கேடயம் ஏந்திய வீரன், ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டும் டிரைவர். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துப் பெட்டி கொடுக்க வந்தவர், நின்று பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு வாரமும் தவறியதில்லை.

இந்த ஆட்டம் ஆடுகிறவர்களிடையே பேர்போன சண்டைக் காட்சி ஒன்று உண்டு. குறுகலான கணவாய், இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, பாறை மேல் வில்லோடு காவலர்கள், கணவாய் முடியும் இடத்தில் இன்னும் சிலர். உள்ளே போன கூட்டம் பெரும்பாலும் வெளியே வராது. அதைத்தான் இவர்களுக்கு வைத்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து, ஊசி மருந்துக் குப்பிகளின் கலர் மூடிகளை ஆட்களாக வைத்தேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு.

முதல் முறை நன்றாகத்தான் போனார்கள். வாத்தியார் மந்திரம் போட்டுக் கணவாயைப் பனியால் மூடினார். மேலே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சத்தமில்லாமல் இடப்பக்கப் பாறையை ஒட்டி நடந்தால் பாதி தூரம் தாண்டிவிடலாம். அப்போது டிரைவர் சொன்னார்: "நான் நின்னு ஒரு கொரல் குடுக்கிறேன் சார்."

"எதுக்குங்க?"

"பின்னாடி ஆளு வர்றாங்களான்னு பாக்கணும் இல்ல?"

காவலர்கள் குரல் வந்த திசையில் அம்பு விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் செத்தார்கள்; மூன்று மூடிகளையும் கவிழ்த்து வைத்தேன். எனக்கு எரிச்சல். "இன்னாங்க, பனிக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு யாராவது கத்துவாங்களா?" என்று கேட்டேவிட்டேன். அவர் கவிழ்ந்த மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். மலையில் காட்டுக்குள் வரிசையாகப் போனால் முன்னால் போகிறவர் அடிக்கடி குரல் கொடுப்பார், கடைசி ஆள் பதில் கொடுக்க வேண்டும், பதில் வராவிட்டால் மொத்த வரிசையும் திரும்பும் என்றாள். "அதை உடுங்க. அவரும் அவரு தம்பியும் செம்மரம் வெட்ட ஆந்திரா போனது உங்களுக்குத் தெரியுமா? கூட்டிட்டுப் போன மேஸ்திரி, காட்டுல எவனும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டானாம். பாரஸ்ட்காரங்க தொரத்தினப்போ ஓடியிருக்காங்க. தம்பிதான் கடைசியில வந்தவன். பள்ளத்துல வுழுந்தது யாருக்கும் தெரியல. காலு ஒடிஞ்சி, தண்ணியில்லாம, உயிரோட கெடந்துதான் செத்தானாம்."

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. நாட்டில் எத்தனையோ சண்டை இருக்க, தேடிப்பிடித்து இதையா வைத்தேன்? அடுத்த வாரம் வேறு கதைக்குப் போகலாம் என்றேன். டிரைவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"வேணாம் சார். அதே கணவாய்தான். மூணு பேரையும் அந்தப் பக்கம் கொண்டாந்துடணும் எனக்கு."

வாரம் முழுக்க ஜீப்பில் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தாராம். யோசனை பிரமாதமாக இருந்தது. வாத்தியார் முதலில் வலப்பக்கப் பாறையில் பொய் நெருப்பு மூட்ட வேண்டும். காவலர்கள் அங்கே திரும்பியதும் பனியை இறக்க வேண்டும். மூன்று பேரும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு இழுப்பு என்றால் நில், இரண்டு என்றால் நட. வாயே திறக்க வேண்டியதில்லை. பெங்களூரில் படித்தவன் எவனுக்கும் இது தோன்றியதில்லை. முன்னால் போவது ஒன்றுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் தானே வருவதாகச் சொன்னார். கணவாய் முனையில் நிற்கிறவர்களை இடித்துத் தள்ளக் கேடயம் முன்னால் இருந்தாக வேண்டும் என்று வாத்தியார் வாதாடினார். டிரைவர் அரை மனதோடு முன்னால் போனார். வைத்தியச்சி கடைசி.

முக்கால் தூரம் வந்துவிட்டார்கள். பனி விலகத் தொடங்கியதும் மேலிருந்து கண்ணை மூடிக்கொண்டு விட்ட ஓர் அம்பு வைத்தியச்சியின் மேல் பாய்ந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, பகடை அப்படி விழுந்தது. கயிறு கனத்தது. அவளை இழுத்துக்கொண்டு போனால் பனி போவதற்குள் வெளியேற முடியாது. கயிற்றை அறுத்தால் இரண்டு பேர் பிழைப்பார்கள்.

"உசுரு இருக்குதா?" என்று டிரைவர் கேட்டார்.

விழுந்த ஆளுக்கு உயிர் இருக்கிறதா என்பதற்கு அந்த ஆளை ஆடுகிறவரே பகடை போட வேண்டும். என் மனைவி உருட்டினாள். உருண்டதும் உள்ளங்கையால் மூடினாள்.

"இருக்குதுண்ணே. நானே கட்டுப் போட்டுக்கிட்டு மெதுவா பின்னாடி வந்துடுவேன். நீங்க கயித்த அறுத்துட்டுப் போங்க."

ஆஸ்பத்திரியில் செத்தவர்களின் வீட்டாரிடம் நேருக்கு நேர் உண்மையைச் சொல்கிறவள் அவள். ஒரு விளையாட்டில் பொய் சொன்னாள். பகடை எனக்கும் தெரிந்தது; ஏன் என்று புரிந்ததால் காட்டிக்கொடுக்கவில்லை.

டிரைவர் அவளையே பார்த்தார். "கைய எடுங்க சிஸ்டர்."

அவள் எடுத்தாள். பகடையில் ஒன்று விழுந்திருந்தது; ஒன்று என்றால் உயிர் இல்லை.

"மேஸ்திரியும் இப்டிதான் சொன்னான்," என்றார். குரல் உயரவே இல்லை. "ஒன் தம்பி பின்னாடி லாரியில வர்றான், நீ ஏறுன்னான். நான் ஏறிட்டேன்."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம். வாத்தியாரு கயித்த அறுத்து உடுங்க, அவரு போவட்டும். நான் திரும்பிப் போறேன்."

"அவங்க செத்துட்டாங்க. போனா நீங்களும் செத்துடுவீங்க."

"தெரியும் சார். நீங்க போடுங்க."

காவலர்களுக்காக நான் பகடை போட்டேன், எல்லோரும் பார்க்கும்படி திறந்த கையால். ஓர் அம்பு தோளில் தைத்தது. அடுத்தது தொடையில். அவர் தன் நீல மூடியைக் கட்டம் கட்டமாகப் பின்னால் நகர்த்தினார். கடைசி அம்பு விழுந்தபோது அது வைத்தியச்சியின் வெள்ளை மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கிட்ட போய்ச் சேந்துட்டனா சார்?"

"சேந்துட்டீங்க," என்றேன்.

தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவர் அழ ஆரம்பித்தார். அந்த இரண்டு மூடிகளையும் நான் கவிழ்த்து வைக்கவில்லை.