ரிங்கெபுவில் வலப்பக்கம்

அந்த வரைபடம் எங்கள் சமையலறை மேசையில் மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், விரிந்தே கிடந்தது. அதன் மேல் சாப்பிட்டோம். மகள் அதன் மேல்தான் வீட்டுப்பாடம் செய்தாள். ஒருநாள் பருப்புக் கறி சிந்தி, ரொண்டானே தேசியப் பூங்கா முழுவதும் மஞ்சளாகிவிட்டது.

"பாத்தீரே, கடவுளுக்கே விருப்பமில்லை," என்றார் என் கணவர்.

"கடவுளுக்கில்லை, உங்களுக்கு," என்றேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நாங்கள் ஒஸ்லோவில், ஸ்டோவ்னரில், எட்டாம் மாடியில் இருந்தோம். அந்த வசந்தத்தில் அவர் திடீரென்று ஒரு பழைய கரவன் வாங்கினார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் சின்ன வீடு: இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. லில்லெஸ்ட்ரோமில் ஒரு வயதான நோர்வேஜியத் தம்பதி பாசத்தோடு வைத்திருந்து விற்றது. எங்கள் கட்டடத்துத் தமிழர்கள் எல்லாரும் இறங்கி வந்து பார்த்தார்கள். "எல்லாம் வடிவாத்தான் கிடக்கு, சாமியறை எங்கை?" என்று ஒருவர் கேட்டார்.

காரின் நிறையையும் கரவனின் நிறையையும் கூட்டினால் சாதாரண லைசென்ஸ் போதாது, தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று விற்றவர் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "மனிசி எடுப்பா," என்று சொல்லிவிட்டார். ஏன் என்று வழியில் கேட்டேன். தனக்கு ஷிப்ட் வேலையாம். முதியோர் இல்லத்தில் எனக்கும் ஷிப்ட் வேலைதான். அது அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

திட்டிக்கொண்டே பழகினேன். கரவனைப் பின்பக்கமாக எடுக்கும்போது, அது வலப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். முதல் நாள் அழுகை வந்தது. மூன்றாம் நாள், இது எங்கள் குடும்பத்தில் சிலரைக் கையாளும் முறைதானே என்று பிடிபட்டது. முதல் தடவையிலேயே பாஸ். எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் மலை ஆசை வந்தது. வேலையிடத்தில் ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் கோப்பி குடிக்கும்போது, கோடை விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்பார்கள். அவர்களெல்லாம் மலைக்குப் போய்வந்திருப்பார்கள். நான், "லண்டன், மாமி வீடு," என்பேன். அடுத்த வருடம் "பாரிஸ், சித்தப்பா வீடு." எட்டு வருடத்தில் ஐரோப்பாவிலுள்ள எங்கள் சொந்தக்காரரின் சோபாக்கள் எல்லாவற்றிலும் படுத்தெழும்பியாயிற்று. வந்து குடியேறிய நாட்டில் நான் பார்த்தது ரயிலும் வேலையிடமும் கடைத்தெருவும். இந்த நாட்டில் ஓரிடத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன் என்று சொல்ல வேண்டும். அது ஒரு மலையாக இருக்க வேண்டும். வேறு ஒன்றுக்கும் நான் அவ்வளவு ஆசைப்படவில்லை.

என் பாதை எளிமையானது. ஒஸ்லோவிலிருந்து வடக்கே பெருந்தெருவால் ரிங்கெபு என்ற சின்ன ஊர்வரை. அங்கே வலப்பக்கம் திரும்பி, 27ஆம் இலக்க மலைவீதியில் ஏறி, ரொண்டானே பூங்காவின் ஓரமாகவே போய், அந்தப் பக்கம் இறங்கி மறுபடி பெருந்தெரு. வீதித் தகவல் இலக்கத்துக்குப் போன் எடுத்தும் கேட்டுவிட்டேன். கரவன் போகலாம், தொடக்கத்தில் செங்குத்து, கீழ்க் கியரில் ஏறு, பின்னால் கார்கள் சேர்ந்தால் ஒதுங்கி விடு என்றார்கள்.

அவருடைய பாதை வேறு. வண்டி நீர் ஓட்டும், பாதை நான் போடுறன் என்று பென்சிலோடு உட்கார்ந்தார். ஹாமாரில் ஒரு வட்டம். லில்லெஹம்மரில் ஒன்று. வின்ஸ்ட்ராவில் ஒன்று, டொம்போஸில் ஒன்று. பெட்ரோல் நிலையங்களாக்கும் என்று பார்த்தால், எல்லாம் தமிழ் வீடுகள்.

"வீட்டைத் தாண்டிப் போனனாங்கள் எண்டு தெரிஞ்சால் கோவிப்பினம். எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போய், இன்னொருத்தற்றை சோபாவிலை படுக்கவோ?"

"உம்மடை மலையிலை ஆர் இருக்கினம்? அங்கை ஆரைப் போய்ப் பாக்கிறது?"

"மலையைத்தான்!"

வரைபடத்தில் செங்குத்தான இடங்களுக்குச் சின்ன அம்புக்குறி போட்டிருப்பார்கள். என் வீதியிலிருந்த அம்புகளை அவர் தினமும் எண்ணினார். "ஆழமறியாமல் காலை விடக்கூடாது," என்றார். இது ஆழமில்லை, உயரம் என்றேன். அவர் விடாக்கண்டன், நான் கொடாக்கண்டன். கடைசியில் ரிங்கெபு வரைக்கும் இரண்டு பாதையும் ஒன்றுதானே, அங்கே போய் முடிவெடுப்போம் என்று விட்டோம்.

யூலை மாதம் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். நான் ஸ்டீயரிங்கில், அவர் பக்கத்தில் வரைபடத்தோடு, மகள் பின்னால். நகரம் தாண்டும்வரை பட்டுப்போல ஓடியது. மியோசா ஏரிக்கரையில் ஒரு பெரிய லொறி எங்களை முந்திப் போனதும் கரவன் ஆடத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு காரையே இடமும் வலமுமாக இழுத்தது. "ஐயோ, நிப்பாட்டும்!" என்று என் கணவர் கத்தினார். பிரேக்கில் ஏறி மிதிக்காமல் வேகத்தை மட்டும் மெல்லக் குறைத்து, அது அடங்கியதும் ஓரத்தில் நிறுத்தினேன்.

அவர் வரைபடத்தை மூடினார். "சமதரையிலையே இந்த ஆட்டமெண்டால், மலை வேண்டாம்," என்றார்.

நான் இறங்கிப் போய்க் கரவனின் பின்பக்க அலுமாரியைத் திறந்தேன். நான் மகளை உடுப்பாட்டி வெளிக்கிடுத்திக்கொண்டிருந்த நேரத்தில் சாமான் ஏற்றியது அவர். இருபது கிலோ அரிசி மூட்டை. இரண்டு பெட்டி நிறையத் தேங்காய்ப்பால் தகர ரின்கள். நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், ஐந்து கிலோ பருப்பு, இடியப்பச் சட்டி, அடியில் ஒரு இரும்பு உரல். எல்லாம் கடைசிக் கோடியில்.

"ஒரு கிழமைக்கு மூண்டு பேருக்கு இருபது கிலோ அரிசியோ?"

"போற வீடுகளுக்கு வெறுங்கையோடை போறதே? ஒஸ்லோ விலைக்கு அங்கை கிடையாது."

"அப்ப உரல்?"

அவர் குனிந்து அரிசி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். பாரம் சில்லுக்கு, அதாவது சக்கரத்துக்கு, மேலே இருக்க வேண்டும், வாலில் இருந்தால் வண்டி ஆடும் என்பது எனக்குப் படிப்பித்த முதல் பாடம். அரிசி மூட்டையை இருவருமாக இழுத்து நடுவில், சில்லு வரும் இடத்தில், தரையோடு வைத்தோம். ரின்களையும் உரலையும் அதன் பக்கத்தில் அடுக்கினோம். மறுபடி ஓட்டியபோது இரண்டு லொறிகள் முந்திப் போயின. கரவன் அசையவில்லை. அவர் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

ஹாமாரில் தேநீர், லில்லெஹம்மரில் மதியச் சாப்பாடு. இரண்டு வீட்டிலும் அரிசி கொடுத்தோம். அன்பானவர்கள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் இரண்டு வீட்டிலும் தொலைக்காட்சியில் ஒரே நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

ரிங்கெபுவில் பெட்ரோல் அடித்தோம். நேரே போனால் அரை மணித்தியாலத்தில் வின்ஸ்ட்ரா. அவருடைய பழைய நண்பர் வீடு. வந்த புதிதில், நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் ஒன்றாக வேலைசெய்து ஒரே அறையில் இருந்தவர்கள். வலப்பக்கம் மலை. நான் காரில் ஏறி எஞ்சினைப் போடாமல் இருந்தேன்.

"சொல்லுங்கோ. என்ரை ஓட்டத்திலை நம்பிக்கை இல்லையோ?"

அவர் வரைபடத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"உம்மடை ஓட்டமில்லை. எனக்குப் பயம்," என்றார். "ஹம்மர்பெஸ்டிலை முதல் விண்டர். வின்ஸ்ட்ராக்காரன் அப்பதான் லைசென்ஸ் எடுத்தவன். வேலை முடிஞ்சு வரேக்கை இறக்கத்திலை ஐஸ். கார் வழுக்கிக்கொண்டு போய்க் கரையிலை இரும்புத் தடுப்பிலை முட்டி நிண்டது. கீழை கடல். கதவைத் திறக்கவே பயந்துபோய் ரெண்டு பேரும் அப்பிடியே இருந்தனாங்கள். ஆருக்கும் சொல்லுறேல்லை எண்டு முடிவெடுத்தம். அவனும் இண்டைவரைக்கும் ஒரு மலையிலையும் ஏறேல்லை."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து, ஷிப்ட் வேலை, கோவிப்பினம் என்றெல்லாம் கதை சொன்னாரே தவிர, இதைச் சொல்லவில்லையே. என்னை அந்த லைசென்ஸுக்கு அனுப்பியதும் இதனால்தான் என்று அப்போது விளங்கியது. பிறகு அவர் தினமும் அம்புகளை எண்ணியது நினைவுக்கு வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"பயமெண்டால் நேரையே போவம்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். சொல்லும்போது கண் வலப்பக்கத்து வீதியில் நின்றதும் உண்மை.

"கரவன் ஆடேக்கை நான் கத்தினனான். நீர் கத்தேல்லை," என்றார். பிறகு, "வலப்பக்கம் திருப்பும்," என்றார்.

ஊரைத் தாண்டியதுமே ஏற்றம் தொடங்கியது. இரண்டாம் கியர். எஞ்சின் முனகியது. கொண்டை ஊசி வளைவுகளில் கரவன் உள்விளிம்பில் ஏறாமல் இருக்க, அகல எடுத்துத் திருப்பினேன். என் கணவர் கண்ணை இறுக மூடியிருந்தார். ஆனால் மூன்று கிழமை எண்ணிய அம்புகள் மனப்பாடம்.

"ஒரு அம்பு முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"அப்ப பெரிய வளைவு வரும், அதுக்குப் பிறகு ரெண்டாவது."

அவர் சொன்ன இடத்தில் சொன்னபடி வந்தது. பின்னால் ஏழெட்டுக் கார்கள் சேர்ந்துவிட்டன. ஒரு பஸ் தரிப்பில் ஒதுங்கி விட்டேன். முந்திப் போனவர்களில் ஒருவர் கை காட்டி நன்றி சொன்னார். இந்த நாட்டு வீதியில் எனக்கு ஒருவர் கைகாட்டியது அதுதான் முதல் தடவை. நானும் காட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே காட்டியிருப்பேன்.

மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமல் போயின. வீதி சமமானதும் ஓரத்தில் நிறுத்தினேன். "அம்பு எல்லாம் முடிஞ்சுது, கண்ணைத் திறவுங்கோ," என்றேன்.

திறந்தார். சுற்றிவர வெள்ளைப் பாசி படர்ந்த வெட்ட வெளி, வீதியோரத்தில் ஆடுகள், தூரத்தில் ரொண்டானே மலைகள் நீலமாக, மடிப்புகளில் பனியோடு. ஒரு வீடு இல்லை, ஒரு மனிதர் இல்லை. மகள் கதவைத் திறந்துகொண்டு ஆடுகளிடம் ஓடினாள். நான் வண்டியிலிருந்து இறங்கினேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆசைப்பட்டது கிடைத்தால் மனிதருக்கு என்ன ஆகும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. வின்ஸ்ட்ரா நண்பர். அவர் உரக்கப் பேசும் ஆள், எனக்கும் கேட்டது. ஆட்டிறைச்சிக் கறி இறக்கியாயிற்று, எங்கே நிற்கிறீர்கள் என்றார்.

வழி மாறிவிட்டோம், வண்டி பழுதாகிவிட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"மச்சான், நான் மலைக்கு மேலை நிக்கிறன்," என்றார் என் கணவர். "இவதான் ஓட்டிக்கொண்டு வந்தவ. ஓம், கரவனோடை. பயந்தனான்தான். கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தனான். ஆனா வந்திட்டன்ரா." "கறியைச் சட்டியோடை தூக்கிக்கொண்டு நீங்கள் மேலை வாங்கோ. அரிசி எங்களிட்டைக் கிடக்கு."

"உனக்கு விசரே?" என்றார் நண்பர். அதற்குள் யாரோ போனைப் பறித்த சத்தம். அவருடைய மனைவி. என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அக்கா, வீதி எப்பிடி?"

"தொடக்கத்திலை செங்குத்து, தங்கச்சி. ரெண்டாம் கியரிலை வந்தால் சரி."

அவள் அவ்வளவுதான் கேட்டாள்.

வீதியோரத்து முகாம் இடத்தில் கரவனை நிறுத்தி, நான் உலை வைத்தேன். சோறு வெந்து வடித்த பிறகு ஒரு சிவப்புக் கார் வந்தது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து அவள் இறங்கினாள். பக்கத்து இருக்கையில் நண்பர், மடியில் கறிச்சட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அவள் எங்களிடம் வரவில்லை. வீதியைக் கடந்து போய் மலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"ஒன்பது வருசமா இதுக்குக் கீழைதான் இருக்கிறன்," என்றாள். "இவ்வளவுதானோ அக்கா? ஒரு மணித்தியால ஓட்டம்தானோ?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு காருக்குத் திரும்பிப் போனாள். மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து, கணவர் மடியிலிருந்த சட்டியை வாங்கி என் கையில் தந்தாள். பிறகு அவரிடம் கையை நீட்டி, "இறங்குங்கோ," என்றாள்.