பாப்பா அறையைப் பிரித்த நாள்

என் அத்தானுக்குத் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து நானும் கவனித்து வருகிறேன், மனிதருக்கு எந்தப் பொருளும் வாங்கினபடியே இருந்தால் பிடிக்காது. புதுச் சட்டை வாங்கினால் பொத்தானை மாற்றித் தைக்கச் சொல்லி என்னிடம் நீட்டுவார். நான் தையல்காரி, தப்பிக்க வழியில்லை. குடையின் கைப்பிடியில் ஒரு டார்ச் விளக்கைக் கட்டி வைத்திருக்கிறார். மழை வந்தால் கரண்டும் போகுமே என்று விளக்கம் வேறு. அக்கா தலையில் அடித்துக்கொள்வாள், ஆனால் மழை நாளில் அந்தக் குடையைத்தான் எடுத்துக்கொண்டு போவாள்.

எங்கள் பகுதியில் மலிவு விலை மேசை நாற்காலிக் கடை ஒன்று திறந்ததும் அத்தானுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. அந்தக் கடையில் அலமாரி அலமாரியாகக் கிடைக்காது. தட்டையான அட்டைப்பெட்டிக்குள் பலகை பலகையாக இருக்கும். கூடவே ஒரு பொட்டலம் திருகாணி, கொஞ்சம் மரக்குச்சி, திருகாணி முடுக்க வளைந்த சாவி ஒன்று, எழுத்தே இல்லாமல் படம் மட்டும் போட்ட ஒரு தாள். வீட்டுக்குச் சுமந்து வந்து நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். அதை மரம் என்று சொன்னால் மரம் கோபித்துக்கொள்ளும். மரத்தூளை அழுத்தி மேலே வெள்ளைத் தாள் ஒட்டியது, தண்ணீர் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊறிவிடும். அத்தானுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. விலை குறைவு, அதனால் பயமில்லாமல் வெட்டலாம் என்பார்.

முதலில் அவர் கையில் மாட்டியது என் மகனுக்கு வாங்கிய அலமாரி. பையனுக்கு அப்போது இரண்டு வயது. அலமாரியை நிறுத்தாமல் படுக்கவைத்தார். பக்கப் பலகையில் வட்டமாக ஜன்னல் வெட்டினார். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, தன் கன்னத்தை வைத்து உரசிப் பார்த்தார். கழித்துப்போட்ட ஒரு லிஃப்டின் பொத்தான் பலகையைக் கொண்டுவந்து உள்ளே பொருத்தினார். எந்த மாடியை அழுத்தினாலும் மணி அடிக்கும். உள்ளே போன பையன் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. அவனைத் தூக்க அத்தான் தலையை நுழைத்தார், தோளை நுழைத்தார், வயிறு மட்டும் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. அக்கா வளைந்த சாவியோடு வந்து பலகையைக் கழற்றித்தான் கட்டின புருஷனை மீட்டாள். நானும் ஒரு கை கொடுத்திருக்கலாம். எனக்குச் சிரிக்கிற வேலை இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் குழந்தை உள்ள வீடெல்லாம் அவரைத் தேட ஆரம்பித்தது. டிவி வைக்கும் மேசை மளிகைக் கடையானது. கட்டிலோரப் பெட்டி அடுப்பானது, பழைய சிடி இரண்டை ஒட்டினால் எரியும் அடுப்பு, எவர்சில்வர் கிண்ணத்தைப் பதித்தால் பாத்திரம் கழுவும் தொட்டி. விடுமுறை நாளில் அத்தானும் அக்காவும் சேர்ந்தே போவார்கள். படத்தாளைப் பார்ப்பது அத்தானுக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் அக்கா பார்த்துச் சொல்வாள், அவர் கேட்காமல் மாட்டுவார், பிறகு சத்தம் போடாமல் கழற்றுவார். சண்டை போட்டுக்கொண்டே வேலையை முடித்து, சிரித்துக்கொண்டே வீடு திரும்பும் ஜோடி அது.

இப்படி ஊரார் பிள்ளைக்கெல்லாம் வீடு கட்டினார்கள். அவர்கள் வீட்டில் கட்ட மட்டும் பிள்ளை இல்லை. மருத்துவர்களிடம் அலைந்து ஓய்ந்து, கடைசியில் ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்தார்கள். இரண்டு வயதுக்குள் இருந்தால் நல்லது என்று ஒரு குழந்தைகள் இல்லத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு வந்த அன்றே அத்தான் நேராகக் கடைக்குப் போய் மூன்று பெட்டி வாங்கி வந்துவிட்டார்.

அந்த அறையைச் சொல்லாமல் முடியாது. புத்தக அலமாரியைக் குறுக்கே படுக்கவைத்து முழங்கால் உயரத்தில் ஒரு திண்டு. நிறுத்திவைத்த இன்னொரு அலமாரிக்குள் ஒரு குட்டி வீடு, வாசலுக்கு நான் தைத்த மஞ்சள் திரை. மேல்தட்டில் ஒரு கப்பி, அதிலிருந்து கயிற்றில் தொங்கும் ரொட்டிக்கூடை. அதுதான் பொம்மைகளுக்கான, மணி வைத்த லிஃப்ட். அத்தான் அதற்கு எடை வரம்பு எழுதி ஒட்டியிருந்தார், இரண்டு கரடி, ஒரு முயல் என்று. அடுப்பு, தொட்டி, குட்டி நாற்காலி எல்லாம் ஒரு சாண் பிள்ளைக்கு ஏற்ற அளவு. நாங்கள் எல்லாரும் அதைப் பாப்பா அறை என்றே சொல்லப் பழகிவிட்டோம். பாப்பாதான் வரவில்லை. அக்கா அறையைத் துடைப்பாள், அத்தான் கப்பிக்கு எண்ணெய் போடுவார், அப்படியே காலம் போனது.

ஒருநாள் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். கைக்குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் வரிசை மிக நீளம். ஆனால் எட்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள், பார்க்கிறீர்களா என்று கேட்டார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தான் தொலைபேசியை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, புள்ள எவ்ளோ உயரம் இருப்பா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒல்லியாக, நெட்டையாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பெண். திரும்பி வந்த அக்கா செருப்பைக் கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள், எனக்கு அவள்தான் வேண்டும் என்று. ஆனால் அக்கா வேண்டும் என்றால் மட்டும் போதாது. அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய குழந்தைகள் முதலில் ஒரு பகல் வீட்டுக்கு வந்து இருந்து பார்ப்பார்கள். மறுபடி வர விருப்பமா என்று குழந்தையைத்தான் கேட்பார்கள். வேண்டாம் என்று அவள் தலையாட்டினால் அதோடு சரி, யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

அத்தான் அறைக்குள் புகுந்தார். அடுப்புக்கு அடியில் கட்டை, திண்டுக்கு அடியில் கட்டை, நாற்காலிக்கும் கட்டை. எல்லாம் கட்டைக்கால் கட்டிக்கொண்டு நின்றன. எட்டு வயதுப் பெண்ணுக்கு ரொட்டிக்கூடை எதற்கு, இதைப் பிரித்துவிட்டு வேறு செய்யுங்கள் என்று நான் சொன்னேன். குழந்தை என்றால் குழந்தைதானே என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும், என் பேச்சுக்கு மட்டும் கேட்காது. உண்மையில், பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு அது புரிந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் வாய் தானாக மூடியது அபூர்வம் என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

அந்தப் பெண் காலையிலேயே வந்துவிட்டாள், பொறுப்பாளர் அம்மாவோடு. பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பால் நன்றாக இருக்கிறது என்றாள். பிஸ்கட் நன்றாக இருக்கிறது என்றாள். ஜன்னல் நன்றாக இருக்கிறது என்றாள். என் மகன் எங்கள் வீட்டில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதே இல்லை. தன் வீடு என்று நினைக்கிற பிள்ளை குறைதான் சொல்லும்.

அத்தான் அறையைத் திறந்து காட்டினார். மணியை அடித்தார், கூடையை ஏற்றி இறக்கினார், தொட்டியைக் காட்டினார். அவள் மரியாதைக்காகக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள், கட்டை வைத்தும் முழங்கால் தாடையைத் தொட்டது. குட்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இந்த ரூம்ல இருக்கிற பாப்பா எங்க?"

அக்கா எதையோ எடுக்கப் போவது போலச் சமையலறைக்குப் போய்விட்டாள். எதை எடுக்கப் போனாள் என்று எனக்குத் தெரியும், முந்தானையைத்தான். அத்தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஏதாவது வேடிக்கை சொல்லிச் சமாளிப்பார் என்று நான் நினைத்தேன். அவர் சமாளிக்கவில்லை.

"பாப்பா இல்லம்மா. ஒரு சின்னப் பாப்பா வரும்னு நெனச்சு நாங்களா கட்டி வெச்சோம். அப்போ உன்னை எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகு பிரிச்சிருக்கணும். எனக்குத்தான் மனசு வரல."

அவள் அதை யோசித்தாள். பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். எழுந்து போய் குட்டி வீட்டின் கூரைப் பலகையைத் தொட்டாள். அதன் ஓரத்தில் வெள்ளைத் தாள் ஒட்டாமல் பழுப்பாக மரத்தூள் தெரிந்தது.

"இந்தப் பலகை திருப்பி மாட்டியிருக்கு," என்றாள். "உள்ளே வந்ததுமே பார்த்தேன்."

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது, மூக்கடைத்த குரல்தான், ஆனாலும் கணீரென்று. "நான் படத்தைக் காட்டி அன்னைக்கே சொன்னேன். கேட்டாரா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். முன்பல் ஒன்று இன்னும் பாதிதான் வளர்ந்திருந்தது. கழட்டிடலாமா என்று அத்தான் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் வளைந்த சாவியை அவள் கையில் கொடுத்தார், இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை இடிபாடு என்றுதான் சொல்ல வேண்டும். மஞ்சள் திரை போனது, குட்டி வீடு போனது, கட்டைக்கால் எல்லாம் போயின. பலகைகளைப் பெரிது சிறிதாகச் சுவரோரம் சாய்த்தாள். கப்பியை மட்டும் கழற்ற விடவில்லை, புத்தகம் ஏற்றலாம் என்றாள். அக்கா படத்தாள்களை விரித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அதைப் படித்தார்கள். இதையெல்லாம் வைத்து உனக்கு என்ன செய்யலாம் என்று அக்கா கேட்டாள். அவள் சாய்த்து வைத்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அலமாரிக்குள் ஒரு மேசை வேண்டும் என்றாள், உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி. இல்லத்தில் எல்லாக் கதவும் எல்லாருக்கும் சொந்தமாம். இதைச் சொல்லும்போது அவள் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேசைப் பலகையை அளந்து கோடு போட்டார்கள். வெட்டுவதற்குள் மாலையாகிவிட்டது. பொறுப்பாளர் அம்மா வாசலில் நின்றுகொண்டு கிளம்பலாமா என்றார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிடித்திருக்கிறதா, மறுபடி வருவாயா என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிவில்லை. பேச்சுக்காரி என்று பெயரெடுத்த எனக்கும் இல்லை. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படியிறங்கப் போனவள் திரும்பி அத்தானைப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் நான் வர்ற வரைக்கும் எதையும் மாட்டாதீங்க. தப்பா மாட்டிடுவீங்க."

அந்த வாரம் முழுக்க அறையில் பலகைகள் போட்டது போட்டபடி கிடந்தன. ஒரு தூசியைப் பார்த்தால் பொறுக்காத என் அக்கா அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தாள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் அத்தான் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், உள்ளே காலை வைக்க மாட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பார்க்கவே சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று குனிந்து ஒரு பலகையை ஓரமாக எடுத்து வைக்கப் போனேன்.

"வை மச்சினி, அதைத் தொடாதே," என்றார் அத்தான். "என் பொண்ணு வந்துதான் மாட்டணும்னு சொல்லியிருக்கா."

பலகையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அக்கா அடுப்படியில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.